முயல் வளர்த்ததுண்டா என்று கேட்டார்கள்

இன்சூரன்ஸ் ஏஜென்டுகளுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் உடல்நலக் கேள்விகள் வரிசையாக இறங்கும். ஆஸ்துமா உண்டா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, ஆஸ்பத்திரியில் படுத்ததுண்டா. எதிரே உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். நாங்கள் கேள்வியைப் படிப்பதே கிடையாது. முதல் 'இல்லை'யில் பேனாவை வைத்தால் கடைசி 'இல்லை'யில்தான் எடுப்போம். ஒரே ஒரு 'உண்டு' விழுந்துவிட்டால் போதும், விண்ணப்பம் டாக்டர் சோதனைக்குப் போகும், ரிப்போர்ட் கேட்பார்கள், அது வருவதற்குள் ஆள் மனசு மாறிவிடுவான்.

புதுப்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, மாமல்லபுரம் என்று கடற்கரையோரமாக ஸ்கூட்டரில் சுற்றிப் பதினான்கு வருடம் இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு விட்டுப்போனது. மற்றதெல்லாம் வீடு வீடாக உட்கார்ந்து, ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றது. யாராவது நறுக்கென்று ஒன்றைச் சொல்லிவிட்டால் டைரியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். கொக்கிலமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா, "நான் செத்தா நல்லா இருப்பேன்னு சொல்லிகினு வர ஒரே ஆளு நீதாம்மே" என்றாள். அதைக் குறித்துக்கொண்டு, அவளுக்கும் 'இல்லை' 'இல்லை' என்று கோடு இறக்கி பாலிசி போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கைதான் என் கணவருடைய ஆஸ்பத்திரி விண்ணப்பத்தையும் நிரப்பியது.

அவர் என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அவர் மாமாதான். கல்பாக்கத்தில் காண்டிராக்டில் ஸ்டோர் வேலை. ரத்தக் கொதிப்பு இருந்ததே தெரியாமல் இருந்து, தெரிந்தபோது இரண்டு கிட்னியும் போயிருந்தன. செங்கல்பட்டில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், இரண்டு வருடம். பக்கத்து நாற்காலியில் சதுரங்கப்பட்டினத்துப் பாய் ஒருவர் படுத்திருப்பார். பெயிண்டும் கயிறும் விற்கிற கடை வைத்திருப்பவர். நான் கிட்னி கொடுப்பது என்று முடிவானதும் அவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். "எது கேட்டாலும் இல்லன்னு சொல்லிடும்மா. ஒரு ஆமாக்கு ஒரு மாசம் தள்ளுவாங்க. என் ஆபரேசன் நாலு ஆமால ஒரு வருசமே தள்ளிப் பூட்ச்சு." எனக்குச் சிரிப்பு வந்தது. மீனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறாரே என்று நினைத்தேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு பக்க விண்ணப்பம் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். இவ்வளவு சுத்தமாக யாரும் நிரப்பியதில்லை என்று வாங்கிக்கொண்ட பெண் பாராட்டினாள். அதில் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி, விலங்குகளால் ஒவ்வாமை உண்டா என்று. இல்லை.

உண்டு. கல்யாணமான புதிதில் கருங்குழியில் மாமாவும் அவர் அண்ணனும் முயல் வளர்த்தார்கள். ஊர் ஊராக முயல் பண்ணை என்று பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. வீட்டுக்குப் பின்னால் கூண்டுகள் அடுக்கி, ஐம்பது அறுபது முயல் வரை வந்தது. கூண்டைக் கழுவும் நாளெல்லாம் இவருக்குக் கண் சிவக்கும், தும்மல் வரும். தூசி என்று துண்டைக் கட்டிக்கொள்வார். கை முழுக்க நகக்கீறல், அதெல்லாம் தடித்துப்போகும். மூன்றாம் வருடம் ஒரு நாள், ஒரு தாய் முயல் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, கண் கீற்றாகி, கழுத்து தலையளவுக்குப் பருத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இழுக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. அண்ணன் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, நான் பின்னால் பிடித்துக்கொண்டு மதுராந்தகம் போனோம். அங்கே தொடையில் ஒரு ஊசி போட்ட பிறகுதான் நிறம் திரும்பியது. அந்த வாரமே முயல்களை விற்றாகிவிட்டது.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பேனா ஓடும்போது ஞாபகம் குறுக்கே வருவதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. என் இடது கிட்னி அவருக்குள் போய், அங்கேயே, தியேட்டரிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிட்டது என்று சொன்னார்கள். அன்றைக்கு ஒரு ஊசி மருந்து, நாலாம் நாள் இன்னொன்று ஏற்றினார்கள். எதற்கு என்று கேட்டேன். எங்கள் டாக்டரம்மா என்னைவிடச் சின்ன வயது. கேட்டால் சலித்துக்கொள்ளாமல் காகிதத்தைத் திருப்பிப் படம் போட்டுவிடுவார். அவர் சொன்னதை நான் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

கல்பாக்கம் டவுன்ஷிப் கேட்டில் பாஸ் பார்க்கிற காவலாளிகளைப் போல ரத்தத்தில் டி செல் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. உடம்பில் இருக்கிற ஒவ்வொரு அணுவும் நெஞ்சில் ஒரு பாஸ் குத்திக்கொண்டிருக்கும். என் கிட்னி குத்தியிருப்பது என் பாஸ். மாமாவின் டி செல் அதைப் பார்த்துவிட்டால் விசில் ஊதும். விசில் கேட்ட டி செல் எல்லாம் ஒன்று நூறாகப் பெருகி வந்து அடிக்கும். அந்த ஊசியில் இருந்தது ஆன்டிபாடி, அதாவது ஒரே ஒரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்வதற்கென்று செய்த புரதம். அது போய் ஒட்டுவது டி செல்லின் காதில். காவலாளி இருப்பார், விசிலும் ஊதுவார், ஆனால் கூட்டத்துக்குக் காது அடைத்திருக்கும். அவர்கள் பெருக மாட்டார்கள். இதோடு தினமும் மாத்திரையும் உண்டு.

"அப்போ என் கிட்னி பாஸ் இல்லாமதான் உள்ள உக்காந்துகினு கீதா?" என்று கேட்டேன். காலமெல்லாம் அப்படித்தான் என்றார் டாக்டரம்மா.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். வாரம் இரண்டு முறை ரத்தம் கொடுக்கவேண்டும். கிட்னி எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பதைக் கிரியேட்டினின் என்ற எண்ணை வைத்துச் சொல்வார்கள். குறைந்தால் நல்லது. எட்டில் இருந்தவருக்கு ஒன்று புள்ளி இரண்டுக்கு வந்துவிட்டது. இரண்டு வருடமாக மடக்கு எண்ணித்தான் தண்ணீர் குடித்தவர் ஒரு சொம்பு தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, "இன்னாமே, உன் கிட்னி என்னைவிட நல்லா வேல செய்யுது" என்றார்.

மூன்றாம் வாரம் ஒன்று புள்ளி ஒன்பது. திரும்பப் பார்த்தபோது இரண்டு புள்ளி நான்கு.

அன்றே படுக்கவைத்து, ஊசியால் கிட்னியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். டி செல் கிட்னியின் குழாய்களுக்குள் நுழைந்திருந்தது. காதை அடைத்தோமே என்று கேட்டேன். பழைய அனுபவம் உள்ள டி செல்லுக்கு விசில் அவ்வளவாகத் தேவையில்லை, டயாலிசிஸ் காலத்தில் அடுத்தவர் ரத்தம் ஏற்றியிருக்கிறோம், அப்போதே அவை வெளியாளைப் பார்த்துப் பழகியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மூன்று நாள் ஸ்டீராய்டு பெரிய அளவில் ஏற்றினார்கள். ஸ்டீராய்டு ஏறினால் மாமாவுக்குப் பசியும் பேச்சும் ஒன்றாக வரும். மூன்று நாளும் பேசினார். நான் மூன்று நாளும் எண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு புள்ளி ஏழு. இரண்டு புள்ளி ஒன்பது. மூன்று.

நாலாம் நாள் காலை டாக்டரம்மா உட்காராமல் நின்றபடியே பேசினார். ஸ்டீராய்டுக்கு அடங்கவில்லை. இனிமேல் காதை அடைப்பது இல்லை, காவலாளிகளையே அகற்றவேண்டும். மனிதனுடைய டி செல்லை முயலுக்குள் செலுத்துவார்கள். முயலுக்கு அது அந்நியம், அதனால் அதன் உடம்பு டி செல்லைக் கொல்வதற்கென்று ஆன்டிபாடிகளைச் செய்யும். அவற்றைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ததுதான் மருந்து. இவருக்குள் ஏற்றினால் டி செல்களை மூடிக்கொண்டு அழிக்கும். எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கும், அதைத் தாங்கவேண்டும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் கிட்னியில் கொஞ்சம் தழும்பு விழும், அந்தத் தழும்பு திரும்பாது.

பிறகு கேட்டார்: "முயல் வளர்த்ததுண்டா? முயல் பட்டு ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா?"

மாமா வாய் நிறைய இட்லி வைத்திருந்தார். நான், "இல்ல மேடம்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் என்று இதைச் சொல்ல முடியாது. யோசித்திருந்தால் பயம் வந்திருக்கும். கேள்வி முடிவதற்குள் பதில் வெளியே வந்துவிட்டது. வந்த பிறகுதான் யோசித்தேன். யோசித்த பிறகும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் பெரிய தப்பு. டாக்டரம்மா கோப்பைத் திருப்பி ஏழாம் பக்கத்தைப் பார்த்து, ஃபார்மிலும் இல்லை என்றுதான் இருக்கிறது என்று சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். உண்டு என்றால் இந்த மருந்து கிடையாது. இந்த மருந்து இல்லையென்றால் கிட்னி போய்விடும். நான் கண்ட கணக்கு அவ்வளவுதான்.

பத்து மணிக்கு முன்மருந்துகள் கொடுத்தார்கள், காய்ச்சல் வராமல் இருக்க ஒன்று, அரிப்பு வராமல் இருக்க ஒன்று. முக்கால் மணி நேரம் கழித்து முயல் மருந்தைத் தொடங்குவோம், மெதுவாக ஆறு மணி நேரம் ஏறும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். கழுத்தில் பெரிய நரம்பில் செருகியிருந்த குழாயை விரலால் தடவிக்கொண்டே மாமா கேட்டார்.

"இன்னா மருந்தாம்?"

"முயல்லேந்து எடுக்கறாங்களாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கருங்குழியில் நம்மிடம் வாங்கிக்கொண்டு போனவன் எவனாவது கொடுத்திருப்பானா என்றார். சிரிக்கவைக்காதே மாமா, தையல் இழுக்கிறது என்றேன். எனக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அப்புறம் அவர் கை தானாகக் கழுத்தின் மறுபக்கத்துக்குப் போனது. முயல் கடித்த அன்றைக்கு வீங்கிய கழுத்து அது.

"டாக்டரம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னேன்."

மூன்று நாளாக ஓயாமல் பேசியவர் குரலைத் தாழ்த்தி, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் சொன்னார்.

"சரி வுடு. சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

"மாமா, அன்னிக்கி மதுராந்தகத்துல..."

"தெரியும்மே. ஆமான்னு சொன்னா மருந்த எட்த்துகினு பூடுவாங்க. அப்பால உன் கிட்னி இன்னா ஆவறது? அறுத்துக் குட்த்தது நீ. கொஞ்சம் மூச்சு இறுக்குனா நான் தாங்கிக்கறேன். இங்க டாக்டருங்க கீறாங்க இல்ல."

அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் மறைத்தது கிட்னிக்காக என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கிட்னிக்காகத் தன் மூச்சையே வைக்கத் தயாராக இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பொருளுக்காக அவரையே கொல்லப் பார்க்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆனால் எழுந்து போய்ச் சொல்லக் கால் வரவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து இருபது. பத்து இருபத்தைந்து. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஜன்னல் வழியாக ரோட்டில் லாரி போகிற சத்தம். பத்து முப்பத்தைந்து. சொல்லாதே என்பதுபோல் என் முழங்கை மேல் கையை வைத்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு நர்ஸ் பையோடு வந்தாள். கலங்கல் இல்லாத, தண்ணீர் போன்ற மருந்து. கையில் கட்டியிருந்த பட்டையில் பெயரைப் படித்துச் சரிபார்த்தாள். பையை மாட்டினாள். குழாயில் காற்றுக் குமிழி போக மருந்தை ஓடவிட்டாள். அந்தக் குழாயின் முனையைக் கழுத்துக் குழாயோடு திருகினாள். மருந்தின் வேகத்தைப் பார்த்துக்கொள்கிற பம்பில் எண்களை அழுத்தினாள். இனி ஒரு பொத்தான் பாக்கி.

அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"சிஸ்டர், வேணாம். முயல் இவருக்கு ஆவாது. கடிச்சு மூச்சு அடைச்சுப் பூட்ச்சு. நான் இல்லன்னு சொன்னது பொய்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் குழாயில் இருந்த பிடியை இறுக்கினாள், கழுத்திலிருந்து குழாயைக் கழற்றினாள், மருந்துப் பையைத் தட்டில் தனியாக வைத்துவிட்டுப் போனைப் பார்த்து ஓடினாள்.

டாக்டரம்மா வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை வருடம் வளர்த்தீர்கள், எத்தனை தடவை கீறியது, கடித்து எவ்வளவு நேரத்தில் வீங்கியது, உதடா, நாக்கா, மதுராந்தகத்தில் ஊசி போட்டது தொடையிலா, கையிலா. எழுதி முடித்த பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார். "நான் ஏத்த இருந்தது முயலோட கோபம். உங்க உடம்புல முயல் மேலயே ஏற்கெனவே ஒரு கோபம் இருக்கு. இது ரெண்டும் உள்ள சந்திச்சிருந்தா முதல் பத்து நிமிஷம் என்ன ஆகியிருக்கும்னு எனக்கே தெரியாது." கோப்பின் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டார். ஏழாம் பக்கத்தில் என் 'இல்லை'யை அடித்துப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதே மருந்தைக் குதிரையிலிருந்தும் எடுக்கிறார்களாம். வேலை அதேதான், டி செல்லை அழிப்பது. ஆனால் இங்கே கைவசம் இல்லை, சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவேண்டும், நாளைக்கு ஆகிவிடும் என்றார். பிறகு பேனாவைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, "குதிரையைத் தொட்டதுண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று கேட்டார்.

இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. மாமா யோசித்தார். உண்மையிலேயே நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மாமல்லபுரம் பீச்சில் சவாரிக் குதிரையில் ஒரு தடவை ஏறியிருக்கிறார், கல்யாணமான வருடம், நான்தான் போட்டோ எடுத்தேன். இறங்கும்போது கால் சுளுக்கிக்கொண்டது, மற்றபடி ஒன்றும் இல்லை. கால் சுளுக்கையும் சேர்த்துச் சொன்னார். டாக்டரம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு நாள் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. மறுநாள் காலை மூன்று புள்ளி ஆறு. கட்டிலில் தொங்குகிற சிறுநீர்ப் பையில் அளவுக்கோடு போட்டிருக்கும், மணிக்கு எவ்வளவு என்று குறிப்பார்கள். அது குறைந்துகொண்டே வந்தது. திரும்ப டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று ஒரு இளைய டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னோடு பேசவில்லை. கோபமா என்று கேட்டேன். "கோவம்லாம் இல்ல. நீ தைரியமா சொல்லிட்ட, எனக்கு அது வர்ல, அதான்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் பெட்டி வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் தோலில் சோதனை. முன்கையில் பேனாவால் இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றில் வெறும் உப்புநீர், இன்னொன்றில் துளி குதிரை மருந்து குத்தினாள் அதே நர்ஸ். ஒரு மணி நேரம் பார்க்கவேண்டும். மருந்து குத்திய வட்டம் தடித்தால் இதுவும் இல்லை. அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திருப்பினேன். இரண்டு வட்டமும் லேசாகச் சிவந்தன. கால் மணியில் ஒன்று கொஞ்சம் அதிகம் சிவந்த மாதிரி இருந்தது. எது மருந்து என்று கேட்டதற்கு, அதிகம் சிவந்தது உப்புநீர் என்றாள் நர்ஸ். மற்றதைப் பார்க்கப் பார்க்க வளருவது போலவே இருந்தது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் அப்படியே இருந்தது. பாயிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. மணி முடிந்ததும் நர்ஸ் ஒரு சின்ன ஸ்கேலை வைத்து அளந்தாள். டாக்டரம்மாவும் வந்து விரலால் தடவிப் பார்த்தார். ஏற்றலாம் என்றார்.

முதல் ஒரு மணி நேரம் நர்ஸ் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒவ்வாமை வந்தால் போடுகிற ஊசியை மருந்து நிரப்பித் தட்டில் தயாராக வைத்திருந்தாள். இரண்டாம் மணியில் குளிர் நடுக்கம் வந்தது. கட்டில் சத்தம் போட்டது. காய்ச்சல் நூற்றிரண்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன். வேகத்தைக் குறைத்தார்கள், போர்வை மேல் போர்வை போட்டார்கள். டி செல் சாகும்போது உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுத்தான் சாகும், அதனால் வருகிற காய்ச்சல் இது, ஒவ்வாமை அல்ல, மூச்சைப் பாருங்கள், சீராக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பொய் வெளியான பிறகு அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுராந்தகம் போன பைக்கில் கேட்ட அந்தச் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

எட்டு நாள் ஏற்றினார்கள். தினமும் காலையில் இரண்டு எண். ஒன்று டி செல் எவ்வளவு மிச்சம் என்று, மற்றது கிரியேட்டினின். டி செல் இரண்டாம் நாளே சரிந்து, நாலாம் நாள் பெயருக்கு இருந்தது. கிரியேட்டினின் அசையவில்லை. மூன்று புள்ளி எட்டு, மூன்று புள்ளி எட்டு, மூன்று புள்ளி ஏழு. காவலாளிகள் போய்விட்டார்கள், உடைத்தது உடைந்தபடி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. யாரும் உள்ளே வரக்கூடாது, பழம் பூ வரக்கூடாது, நானும் முகக்கவசத்தோடுதான் இருக்கவேண்டும். ஒரு சளிக் கிருமி போதும், தடுக்க ஆள் இல்லை. அவர் இருமினால் நான் எண்ணுவேன். ஆறாம் நாள் மூன்று புள்ளி ஒன்று. எட்டாம் நாள் இரண்டு புள்ளி ஐந்து. சிறுநீர்ப் பை நிறைய ஆரம்பித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று புள்ளி எட்டு.

ஒன்று புள்ளி இரண்டுக்குத் திரும்பப் போகவில்லை. குதிரை மருந்துக்குக் காத்திருந்த அந்த ஒரு நாளாலா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் கொஞ்சம் யோசித்து, "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஃபார்ம்லயே நீங்க எழுதியிருந்தா ஸ்டீராய்டு ஏத்தும்போதே குதிரை மருந்துக்குச் சொல்லியிருப்பேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா" என்றார். சமாதானம் சொல்லாமல் விட்டதற்கு அவரிடம் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு.

டி செல் திரும்ப வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வரவேண்டும், வராவிட்டால் சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். வந்தால் என் கிட்னியைத் திரும்பப் பார்க்கும். புதுப்பட்டினத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாலு மாதம் இந்த இரண்டு பயத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம், தூங்கினோம். வாசல் வரை வந்த பாய், கேட்டுக்கு வெளியே நின்றபடி, வருவதும் ஆபத்து வராததும் ஆபத்து என்றால் அது உன் மாமியார் மாதிரி இருக்கிறதே என்றார். மாமா சிரித்தார். எனக்கும் தையல் இழுக்காமல் சிரிக்க முடிந்தது.

நாலாம் மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காகிதத்தை வாங்கியவள் நான். டி செல் எண்ணிக்கை முதல் வரியில் இருந்தது. மேலே வந்திருந்தது, நன்றாகவே வந்திருந்தது. கிரியேட்டினின் இரண்டாம் தாளில். திருப்பக் கை வரவில்லை.

"இன்னா, வந்துட்ச்சா அதுங்க?" என்றார்.

"வந்துட்ச்சு மாமா."

"அடுத்தத திருப்பு."

"நீயே திருப்பு."

அவர் காகிதத்தை வாங்கி, கண்ணுக்கு எட்ட வைத்துப் படித்தார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு என்று கேட்டேன். ஒன்று புள்ளி எட்டு என்றார். நான் நம்பாமல் பையிலிருந்து எடுத்து நானே பார்த்தேன். ஒன்று புள்ளி எட்டுதான்.